சாம்பவியின் கைராசி

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. எங்கள் கல்லூரியின் ஆண்டு மலருக்காக, வேதியியல் துறையில் என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று எல்லாருக்கும் புரிகிற தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தரும்படி முதல்வர் கேட்டார். நான் தமிழ்த்துறைக்காரி. வேதியியலை விட்டு ஓடித்தான் தமிழுக்கு வந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. ஆய்வகத்துக்குப் போனேன். மதிவதனி என்ற ஆராய்ச்சி மாணவி ஒரு மதியம் முழுக்க எனக்கு ஜியோலைட் பாடம் எடுத்தாள். நன்றாகவே எடுத்தாள். நான் கிளம்பும்போது, "சாம்பவி இருந்திருந்தா இத இன்னும் நல்லா சொல்லியிருப்பா மேடம்" என்றாள்.

அந்த வாக்கியத்தில் தன்னடக்கம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. மூடிய பேனாவை மறுபடி திறந்தேன்.

கட்டுரை எழுதப்படவே இல்லை. மலரில் அந்த இரண்டு பக்கத்தையும் விளையாட்டு விழாப் படங்கள் நிரப்பின. மதிவதனி வேங்கிக்காலில் ஒரு மகளிர் விடுதியில் இருக்கிறாள்; என் வீடும் அந்தப் பக்கம்தான். கல்லூரி வேனில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவள் சொன்னது, நான் துருவிக் கேட்டது, அவள் சொல்லாமல் விட்டதை நான் இட்டு நிரப்பியது, இவை மூன்றும் சேர்ந்ததுதான் இது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"முடிவு வந்த அன்று சாம்பவி அழுதாள், மதிவதனி சிரித்தாள்." [எடுப்பாக இருக்கிறது. ஆனால் பொய். அன்று இரண்டு பேருமே சிரித்தார்கள். மதிவதனி கொஞ்சம் கூடுதலாகவே.]

"உமியை ஊதித் தின்னும் உலகில்—" [இதை எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.]

"ஜியோலைட் என்பது துளைகளால் ஆன கல்." [இது அந்தக் கட்டுரையின் முதல் வரி. இதையே வைத்துக்கொள்கிறேன்.]

ஜியோலைட் என்பது துளைகளால் ஆன கல். கையில் எடுத்தால் கோலமாவு மாதிரிதான் தெரியும். ஆனால் அதன் ஒவ்வொரு பொடிக்குள்ளும் மூலக்கூறு மட்டுமே நுழையக்கூடிய அளவில் எண்ணற்ற வாசல்கள். வாசலுக்குப் பொருந்துகிற மூலக்கூறு உள்ளே போகும், அங்கே உடைந்தோ சேர்ந்தோ வேறொன்றாகி வெளியே வரும். கல் அப்படியே இருக்கும். தான் மாறாமல் மற்றதை மாற்றுவதால் அதற்கு வினையூக்கி என்று பெயர். (இந்த இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் இந்தக் கதையில் வரும் மனிதர்களில் ஒருவர்கூட வினையூக்கி இல்லை.)

இந்தக் கல்லைச் செய்யச் சிலிக்கா வேண்டும். நெல் உமியை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் அது மண்டிக் கிடக்கிறது. மதிவதனியின் ஊர் கீழ்பென்னாத்தூர், விவசாயக் குடும்பம். அங்கே அரிசி ஆலைகளுக்குப் பின்னால் உமி குன்று குன்றாகக் குவிந்திருக்கும். சனி ஞாயிறு வீட்டுக்குப் போய்விட்டுத் திங்களன்று வரும்போது ஒரு பையில் உமியை அடைத்து பஸ்ஸில் கொண்டுவருவாள். அதை எரித்து, காரத்தில் கரைத்து, அலுமினியம் உப்போடு சேர்த்தால் கஞ்சி மாதிரி ஒன்று திரளும். அதற்கு ஜெல் என்று பெயர். அந்த ஜெல்லை வெள்ளை வெளேரென்ற ஒரு டெஃப்லான் டப்பாவில் ஊற்றி, டப்பாவை எஃகு உறைக்குள் இறுக்கித் திருகி, அடுப்புக்குள் வைத்துவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் உள்ளே கல் விளைந்திருக்கும். அல்லது விளையாமல் இருக்கும்.

விளைவதற்கு அச்சு என்று ஒரு கரிமச் சேர்மம் போட வேண்டும். அதைச் சுற்றித்தான் துளைகள் உருவாகும். அது யானை விலை. அச்சு இல்லாமலே உமியிலிருந்து கல் எடுக்க முடியுமா என்பதுதான் மதிவதனியின் ஆராய்ச்சி. முடியவில்லை. சேர்ந்ததிலிருந்து முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அடியில் உருவமில்லாத ஒரு வண்டல்தான் மிஞ்சியது.

3

இப்போது சாம்பவி வருகிறாள்.

அவளுடைய அப்பா தியாகேசன் அண்ணாமலையார் கோயிலில் பூசை முறை உள்ள குருக்கள். வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். மதிவதனி சேர்ந்த அடுத்த வருடம், அவளுடைய வழிகாட்டியான கோதண்டராமன் சாரிடமே சாம்பவியும் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். கடலை எண்ணெய் ஆலைகளில் வீணாகிற கசட்டு எண்ணெயை எரிபொருளாக மாற்றுவது அவள் தலைப்பு. அதற்கும் வினையூக்கி வேண்டும். எனவே அவளும் கல் செய்யப் பழக வேண்டும். தன் உமியைக் கொடுத்து, தன் அச்சில்லாத முறையிலேயே பழக்கிவிட்டது மதிவதனிதான். இரண்டு பேரும் சீக்கிரமே வாடி போடி என்று பேசுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

ஆய்வகத்தில் அப்போது இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்று பழையது. மதிவதனி ஆரம்பத்தில், கை பழகுவதற்காக அச்சு போட்டுக் கல் செய்தது அதில்தான். கல் அடியில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, எஃகுக் கரண்டியால் சுரண்டி எடுத்ததில் டப்பாவின் அடிப்பாகம் கீறிப்போயிருந்தது. அதன் பிறகு அதை ஒதுக்கிவைத்துவிட்டு, பக்கத்து ஆய்வகத்தில் இரவல் வாங்கிய டப்பாவில்தான் அச்சில்லாமல் செய்துபார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று அந்த மாதம்தான் வாங்கியது.

"இத நீ எடுத்துக்கோ" என்று மதிவதனி பழையதை நீட்டினாள். "கொஞ்சம் கீறல் இருக்கு. ஆனா வேலைக்கு ஆவும்."

"உனக்கு?"

"எனக்கு சார் புதுசு வாங்கித் தந்திருக்காரு."

சார் வாங்கியது ஆய்வகத்துக்கு. மதிவதனிக்கு என்று அவர் சொல்லவில்லை.

"பழசே போதும்பா" என்றாள் சாம்பவி. "நான் என்ன இப்பவே கல்லு பண்ணிக் கிழிக்கப் போறேனா."

[இந்த இடத்தில் மதிவதனியைப் பற்றி ஒரு பத்தி எழுதி, எடுத்துவிட்டேன். அதில் அவள் சின்னப் புத்திக்காரியாகத் தெரிந்தாள். சின்னப் புத்தி என்பது எப்போதும் அடுத்தவரிடம்தான் நம் கண்ணுக்குப் படுகிறது. ஒரு புது டப்பாவை நமக்கென்று ஒதுக்கிக்கொள்ளும்போது அதற்கு அந்தப் பெயர் தோன்றுவதில்லை.]

டப்பாவுக்கு முன்பே மதிவதனிக்குள் அது தொடங்கிவிட்டது. சார் எதையாவது கேட்டால் சாம்பவி, "தெரியலையே சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். சாரும் சிரித்துக்கொண்டே சொல்லித்தருவார். மதிவதனியால் அப்படி ஒரு நாளும் சொல்ல முடிந்ததில்லை. தெரியவில்லை என்று சொன்னால் கீழ்பென்னாத்தூரிலிருந்து இங்கே வரை வந்ததே தப்பாகிவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே படித்துவைத்துக்கொண்டு வருவாள். கூசாமல் தெரியலையே என்று சொல்ல முடிகிற அந்தச் சுகத்தின் மேல்தான் அவளுக்கு முதல் பொறாமை. மற்றதெல்லாம் அதன் மேல் வந்து படிந்தவை.

4

செய்த பொடி கல்தானா, வெறும் வண்டலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எக்ஸ்ரே கதிர் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். அந்தக் கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. வேலூருக்கு அனுப்பினால் வரைபடமாக மின்னஞ்சலில் வரும். வண்டலாக இருந்தால் படத்தில் ஒரு மொண்ணையான மேடு மட்டும் தெரியும். கல்லாக இருந்தால் கூர்கூராகச் சிகரங்கள் எழும், வரிசையாக நிற்கும்

[கோபுரங்களைப் போல. வேண்டாம். திருவண்ணாமலைக் கதையில் கோபுர உவமை வந்தால் படிப்பவர்கள் மன்னிக்க மாட்டார்கள்.]

அன்று வந்த படங்கள் இரண்டு. மதிவதனியுடையதில் வழக்கமான மேடு. சாம்பவியுடையதில் சிகரங்கள். அச்சு இல்லை, விலையுயர்ந்த எதுவும் இல்லை. கீழ்பென்னாத்தூர் உமி, காரம், அலுமினியம், தண்ணீர். அவ்வளவுதான்.

கோதண்டராமன் சார் எழுந்தே நின்றுவிட்டார். "எத்தனாவது தடவம்மா இது உனக்கு?"

"ரெண்டாவது சார். மொதத் தடவ கீழ கொட்டிட்டேன்."

"கைராசிம்மா உனக்கு" என்றார். "சில பேர் கைக்குத்தான் படியும்."

மதிவதனிதான் முதலில் சாம்பவியைக் கட்டிக்கொண்டாள். கேக் வாங்கிவரப் போனதும் அவள்தான். போகிற வழியெல்லாம் அவளுக்குள் ஒரே வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது: உமி என்னுது, டப்பா என்னுது, சொல்லிக்குடுத்தது நானு, கை மட்டும் அவுளுது.

அன்று மாலை வீட்டிலிருந்து அவள் அம்மா ஜோதியம்மாள் போன் செய்தாள். சேதி அதற்குள் எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது.

"அந்த ஐயரு வூட்டுப் பொண்ணுக்கு வந்துடுச்சாமே. உனக்கு எப்பம்மா?"

"வரும்மா."

"உமி கம்மியாப் போட்டியோ என்னவோ. ஜாஸ்தியா எடுத்துனு போ."

மதிவதனி போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

5

இங்கே கதையை நிறுத்தி ஒன்று சொல்லியாக வேண்டும்.

உழவர் வீட்டுப் பெண் உழைக்கிறாள், குருக்கள் வீட்டுப் பெண் பெயர் வாங்குகிறாள். இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு கதை தானாகவே உருவாகியிருக்கும். எனக்கும் உருவானது. அந்தக் கதையைச் சுலபமாக எழுதியிருப்பேன், நாலு பேர் பாராட்டவும் செய்திருப்பார்கள். அது உலகத்தில் நடக்காத கதையும் அல்ல.

ஆனால் மதிவதனியே வேனில் என்னிடம் சொன்னாள்: "எனக்கும் அப்படி நினைச்சிக்கத்தான் புடிச்சிருந்துச்சு மேடம். அப்படி நினைச்சா நான் படறது பொறாமை இல்ல, நியாயம்னு ஆயிடும் இல்ல. ஆனா அவ என்கிட்டேந்து ஒண்ணும் எடுத்துக்கல. நானாத்தான் பழச அவ கையில குடுத்தேன்."

அதனால் அந்தக் கதையை நான் எழுதவில்லை. இது அதைவிடச் சின்னது. அதனாலேயே சொல்வதற்குக் கூச்சமானது.

6

மார்கழித் தொடக்கத்தில் சார் ஒரு யோசனை சொன்னார். சாம்பவி செய்கிற முறையிலேயே மதிவதனியும் பக்கத்தில் நின்று செய்து பார்க்கட்டும். இரண்டு பேரும் ஒரே பாத்திரத்தில் ஜெல் கலக்கினார்கள். சரிபாதியாகப் பிரித்தார்கள். சாம்பவி அவள் டப்பாவில் ஊற்றினாள், மதிவதனி தன் டப்பாவில் ஊற்றினாள். ஒரே அடுப்பில், ஒரே தட்டில் வைத்தார்கள்.

வேலூரிலிருந்து படம் வந்தது. சாம்பவிக்குச் சிகரங்கள். மதிவதனிக்கு மேடு.

"நான்தான் சொன்னேனே, கைராசின்னு" என்று சார் சிரித்தார். சாம்பவி சங்கடத்தோடு, "அடுப்புல என் பக்கம் சூடு ஜாஸ்தியா இருக்கும் சார்" என்றாள். அவள் பரிந்து பேசியதுதான் மதிவதனிக்கு அதிகம் எரிந்தது.

அவள் உட்கார்ந்து யோசித்தாள். ஜெல் ஒன்று. அடுப்பு ஒன்று. நேரம் ஒன்று. கையில் ராசி என்று எதுவும் கிடையாது. மிச்சம் என்ன?

சாம்பவி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பழைய டப்பாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அடியில் அவள் கரண்டியால் போட்ட கீறல்கள். அவற்றுக்குள் விரல் நகம் போகாத ஆழத்தில் வெள்ளை வெள்ளையாக இழைகள் தெரிந்தன. எந்தத் தேய்ப்புக்கும் வராதவை. அச்சு போட்டு அவள் முதன்முதலாகச் செய்த கல்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தத் துணுக்குகள் விதை மாதிரி. புதிய ஜெல் வந்து விழும்போதெல்லாம் அவற்றைப் பார்த்து, அவற்றின் மேல் ஏறி, அதே வடிவத்தில் வளர்கிறது. சாம்பவி செய்தது அச்சு இல்லாத கல்லே அல்ல. மதிவதனியின் கல் அங்கே ஒளிந்திருந்து குட்டிபோட்டுக்கொண்டிருந்தது. புதியதைத் தனக்கு வைத்துக்கொண்டு பழையதைத் தள்ளிவிடாமல் இருந்திருந்தால் அந்தச் சிகரங்கள் அவளுக்கே வந்திருக்கும்.

(ஏன் இது சாருக்குத் தோன்றவில்லை? சாம்பவிக்கு ஏன் தோன்றவில்லை? இதை எழுதும்போது நெடுநேரம் இந்தக் கேள்வியில் நின்றேன். இருவரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் சந்தோஷமாக இருக்கிறவர்கள் காரணம் தேட மாட்டார்கள். பொறாமைப்படுகிறவர்கள்தான் கடைசிவரை போய்த் தேடுவார்கள். ஆராய்ச்சிக்கு ஆர்வம் வேண்டும், பொறுமை வேண்டும் என்று மேடைகளில் சொல்கிறோம். இதையும் சேர்த்துச் சொல்லலாம்.)

சாம்பவி திரும்பி வந்தாள். மதிவதனி டப்பாவைக் கீழே வைத்தாள்.

"என்னடி பாக்கற?"

"ஒண்ணும் இல்ல. கீறல் பெருசாயிட்டுதான்னு பாத்தேன்."

7

அவள் சொல்லவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் சொல்லத் தொடங்கும்போது, தன் குரலில் ஒரு துள்ளல் இருப்பது அவள் காதிலேயே விழுந்தது. வாயை மூடிக்கொண்டாள். உண்மையைச் சொல்வது சரிதான். ஆனால் அதைச் சொல்வதில் இவ்வளவு ஆனந்தம் இருந்தால் அது உண்மை சொல்வதுதானா? சந்தோஷமில்லாமல் சொல்ல முடிகிற ஒரு நாள் வரட்டும், அன்று சொல்லலாம் என்று முடிவு செய்தாள். அந்த முடிவு அவளுக்கு மிக உயர்ந்ததாகவும், மிக வசதியாகவும் இருந்தது.

அப்படி ஒரு நாள் வரவில்லை. பதிலாகப் பொங்கல் வந்தது. சாம்பவி வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இலை போட்டுப் பக்கத்தில் நின்று தியாகேசனே விசாரித்தார்.

"இந்த உமி விஷயம், நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினேளாம்மா?"

"இல்லைங்க அங்கிள். சாம்பவி மட்டும்தான்" என்றாள் மதிவதனி.

[அந்த ஒரு பதிலில் எத்தனை இருக்கிறது என்று விளக்கி ஒரு பத்தி எழுதினேன். நீங்களே பார்த்துவிட்டிருப்பீர்கள் என்பதால் நீக்கிவிட்டேன்.]

அவர் முகம் மலர்ந்தது. சார் இதைக் கட்டுரையாக எழுதி அனுப்பியதைக் கேள்விப்பட்டு, பூனாவில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் சாம்பவியைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். அங்கே போய் இதே கல்லை அவர்கள் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும். சரியாக வந்தால் அங்கேயே வேலை. வந்திருந்த ஒரு நல்ல வரனை, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "என் தம்பிகளெல்லாம் கோச்சுண்டா. பரவால்லேன்னுட்டேன். அண்ணாமலையார் குடுத்தது அவளுக்கு இது."

பாயசத்தை வழித்தபடியே மதிவதனி கணக்குப் போட்டாள். பூனாவில் எல்லாம் புதிய டப்பாக்களாக இருக்கும். சாம்பவி ஜெல் கலக்குவாள், ஊற்றுவாள், திறப்பாள். வண்டல் இருக்கும். மறுபடி செய்வாள். மறுபடி வண்டல். சுற்றி நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தக் காட்சியை அவள் விடுதிக்குக் கொண்டுபோனாள். மறுநாளும் எடுத்துப் பார்த்தாள். அதற்கடுத்த நாளும்.

8

பங்குனிப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கல்லூரி வேனும் போக முடியாமல் பாதி வழியில் இறக்கிவிட, இரண்டு பேரும் நடந்தார்கள். சாம்பவிக்கு அடுத்த மாதம் பூனா பயணம். அங்கே சப்பாத்தி மட்டும்தான் கிடைக்குமோ என்று கவலைப்பட்டுக்கொண்டே வந்தாள். ஒரு கரும்புச் சாற்றுக் கடையில் நின்றார்கள்.

[இந்த இடத்தில் மலையைக் கொண்டுவர வேண்டும் என்று கை அரித்தது. மலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது என்று ஒரு வரி. மலைக்கு வேறு வேலை இல்லையா?]

"சாம்பு, ஒண்ணு சொல்லணும்" என்றாள் மதிவதனி. துள்ளல் இருக்கிறதா என்று தன் குரலைக் கவனித்தாள். இருந்தது. இருந்தாலும் சொன்னாள். "உன் ஜெல்லுல ஒண்ணும் இல்லடி. டப்பாலதான் இருக்குது."

"டப்பால என்ன?"

"நான் மொதமொதல்ல அச்சு போட்டுப் பண்ணேன் இல்ல, அந்தக் கல்லு. கீறலுக்குள்ள ஒட்டிக்கினு இருக்குது. அதான் விதையாட்டம் வேலை செய்யுது. புது டப்பால போட்டா உனக்கும் வராது."

சாம்பவி உடனே புரிந்துகொண்டாள். அது அவள் கண்ணில் தெரிந்தது. மறுக்கவில்லை, இல்லை என்று வாதாடவில்லை. டம்ளரைப் பிடித்தபடி நின்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பொங்கலுக்கு முன்ன."

கூட்டம் அவர்களை இடித்துக்கொண்டு போனது.

"பொங்கலுக்கு எங்காத்துக்கு வந்து சாப்ட்டியே" என்றாள் சாம்பவி. (கல்லூரியில் அவள் 'எங்க வீடு' என்றுதான் சொல்வாள். அன்று வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.)

"ஆமா."

"அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

சாம்பவி மீதிச் சாற்றைக் குடித்தாள். டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்தாள். திரும்பிப் பார்க்காமல் கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டாள்.

9

இங்கேயே முடிக்கலாம் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல முடிவாகத் தெரிந்தது. ஆனால் வாழ்க்கை இந்த இடத்தில் முடியவில்லை. கூட்டத்துக்குள் போனவள் காலையில் ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள்.

யாரோடும் பேசாமல் ஜெல் கலக்கினாள். புதிய டப்பாவில் வெறுமனே ஊற்றி வைத்தாள். வேலூரிலிருந்து மேடுதான் வந்தது. மறுமுறை அதே புதிய டப்பாவில், ஏற்கெனவே விளைந்த கல்லிலிருந்து ஒரு சிட்டிகை தூவி வைத்தாள். சிகரங்கள். இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு சாரிடம் அவளே போனாள். மதிவதனியையும் வரச் சொன்னாள்.

சார் வெகுநேரம் பார்த்தார். முகம் முதலில் வாடியது. பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"அப்ப இது ராசி இல்ல. இது ஒரு முறை. ஒரு சிட்டிகை விதை போட்டாப் போதும், அச்சே வேணாம். இத யாரு வேணாலும் எங்க வேணாலும் செய்யலாம். முன்ன எழுதினதவிட இது பெருசும்மா." அனுப்பிவைத்திருந்த ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெற்று மாற்றி எழுதலாம் என்றார். பூனாவுக்கும் எழுதினார். அவர்கள் முன்பைவிட ஆவலாக வரச் சொன்னார்கள்.

"மதி பேர மொதல்ல போடுங்க சார்" என்றாள் சாம்பவி. "கண்டுபுடிச்சது அவதான்."

இந்த வரியைக் கேட்டதும் நெஞ்சு குளிர்ந்திருக்கும் உங்களுக்கு. மதிவதனிக்குக் குளிரவில்லை. இத்தனை நாள் அவள் ஏங்கியது அதற்குத்தான். அது அவள் கைக்கு வருகிறபோதும் சாம்பவி கொடுத்து வருகிறது. தெரியலையே என்று கூசாமல் சொல்ல முடிந்தவளால், எடுத்துக்கோ என்றும் கூசாமல் சொல்ல முடிகிறது. கொடுப்பதிலும் அவளே முந்திவிட்டாள்.

"வேணாம் சார்" என்றாள் மதிவதனி. "அவ பேரே மொதல்ல இருக்கட்டும். எனக்கு ரெண்டாவது போதும்."

"பெரிய மனசும்மா உனக்கு" என்றார் சார்.

சாம்பவி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் விளங்கியது. கட்டுரை அந்த வரிசையிலேயே வெளிவந்தது. துறையில் இன்றும் மதிவதனியின் தியாகத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அவள் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுகிறாள்.

10

சாம்பவி கிளம்பிய அன்று மதிவதனி பேருந்து நிலையத்துக்குப் போனாள். கூப்பிட்டார்களா என்று கேட்டேன். கூப்பிடவில்லை, போனேன் என்றாள். சென்னை போய் அங்கிருந்து ரயில். தியாகேசன் பெட்டிகளை ஏற்றிவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். சாம்பவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மதிவதனி கீழே நின்றாள். கரும்புச் சாற்றுக் கடைக்குப் பிறகு இருவரும் வேலை தவிர வேறெதுவும் பேசியிருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாதே" என்றாள் சாம்பவி. கோபமாகக் கேட்கவில்லை. ஒரு முடிவு எப்படி வந்தது என்று ஆய்வகத்தில் கேட்பாளே, அந்தக் குரலில் கேட்டாள். "நீ சொல்லாம இருந்திருந்தா நான் அங்க போய் எல்லார் முன்னாடியும் கல்லு வராம நின்னிருப்பேன். அத நீ மனசுல ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லா இருந்துச்சா?"

இதற்கு நான் மூன்று பதில் எழுதினேன்.

முதலாவதில் மதிவதனி, "இல்லடி" என்கிறாள். இரண்டாவதில் அழுகிறாள், சாம்பவி ஜன்னல் வழியாகக் கை நீட்டிக் கண்ணீரைத் துடைக்கிறாள். மூன்றாவதில் பஸ் கிளம்பிவிடுகிறது. பஸ் கிளம்பிவிடுவது எழுத்தாளர்களுக்கு எப்போதுமே கை கொடுக்கும் உத்தி.

மூன்றையும் மதிவதனியிடமே காட்டினேன். வேன் குலுங்கக் குலுங்கப் படித்தாள். "மூணுலயும் என்ன நல்லவளாக்கிட்டீங்க மேடம்" என்று திருப்பிக் கொடுத்தாள். உண்மையில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். சொன்னாள். எழுத வேண்டாம் என்றும் சொன்னாள். எழுதவில்லை.

பஸ் கிளம்பவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ஓட்டுநர் இன்னும் ஏறவில்லை. தியாகேசன் கடையில் சில்லறைக்காக நிற்கிறார். பதில் சொல்லப் போதுமான நேரம் இருந்தது, அவளும் சொன்னாள். சாம்பவி அதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். இன்றைக்கும் இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். இதற்கு மேல் என்னிடம் இல்லை.

அந்த வரியை நீங்கள் எழுதுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். உங்களைவிட நல்லவளாக மட்டும் அவளை ஆக்கிவிடாதீர்கள்.

மதிவதனி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்: "